பாதியில் நிற்கும் பாலம்

ஜூலை 6, 2024, சனி

இன்றைக்கும் நீர்வர்ணம் வரைகிற நாங்கள் நாலு பேரும் வந்துவிட்டோம். மட்டக்களப்பு புளியந்தீவில் டீச்சர் வீட்டு விறாந்தை மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, அவரவர் கொண்டுவந்ததை வைத்தோம். முடித்த படம் கொண்டுவரக் கூடாது. எங்களுக்குள் இருக்கும் ஒரே ஒப்பந்தம் அதுதான். சொன்னவர் டீச்சர். முப்பது வருஷம் கணிதம் படிப்பித்தவர். விடையை மட்டும் எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அவர் முழுப் புள்ளி போட்டதே இல்லையாம். "வழியைக் காட்டுங்க, மறுகா விடையைப் பாப்பம்" என்பார்.

நீர்வர்ணத்துக்கு இது இன்னும் பொருத்தம். எண்ணெய் வர்ணமென்றால் பிழைத்த இடத்தின்மேல் இன்னொரு தடவை பூசலாம். இதில் வெள்ளை என்பதே கடதாசிதான். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அந்த இடத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். மூடினால் போனது போனதுதான். முடிந்த படத்தைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்பதைவிட வேறு என்ன சொல்ல முடியும்? பாதியில் காட்டினால்தான் "அந்த மூலையைத் தொடாத" என்று ஒருவர் கையைப் பிடிப்பார்.

நான் எடுத்திருப்பது கல்லடிப் பழைய பாலம், விடியற்காலையில். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் இருக்கும் அதே இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு பழையதில் நின்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. சின்ன வயதில் பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தால் இரும்புச் சட்டங்களுக்கிடையில் வாவி துண்டு துண்டாகத் தெரியும். அந்தத் துண்டுகள்தான் எனக்கு வேண்டும்.

தபாலட்டை அளவில் செய்துபார்த்த ஒத்திகையைக் காட்டினேன். தம்பி உயர்தரம் படிக்கிறவன். போனில் அதைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி என் முன்னால் வைத்தான். வானம், பாலம், தண்ணீர் எல்லாம் ஒரே சாம்பல். "நிறம் வேற வேற அக்கா, ஆனா இருட்டு ஒரே அளவு." இரண்டு கிழமையாக நான் நீலத்தை மாற்றி மாற்றிக் கலக்கிக்கொண்டிருந்தேன். பிரச்சினை நீலத்தில் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

கச்சான், அதுதான் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. பத்து மணிக்கே தொடங்கிவிட்டது. வாவிக்கு வாஷ், அதாவது ஒரே சீரான ஈரப் பூச்சு, போட இடது ஓரத்தில் தொடங்கினேன். நடுவுக்கு வருவதற்குள் இடது ஓரம் காய்ந்துவிட்டது. ஈர விளிம்பு போய்விட்டால் அந்த இடத்தில் கோடு நின்றுவிடும். பதறிப்போய், அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் தண்ணீர்த் தூரிகையை வைத்தேன். பூக்கோவா மாதிரி விரிந்தது.

300 ஜீஎஸ்எம் பருத்திக் கடதாசி. முழுத்தாளை நாலாக வெட்டிப் பாவிக்கிறேன். ஒரு துண்டு போனது.

ஜூலை 13, சனி

கெட்டுப்போனதை அப்படியே கொண்டுபோனேன். கொண்டுபோக மனமில்லைத்தான். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தமே.

நானா அஸர் தொழுதுவிட்டு காத்தான்குடியிலிருந்து வந்திருந்தார். துணிக்கடை வைத்திருக்கிறவர், நனைந்தது எவ்வளவு நேரத்தில் காயும் என்பது அவர் கைக்குத் தெரியும். என் படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது நீங்க பிழைக்கல்ல தங்கச்சி, காத்து" என்றார். கலக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விடச் சொன்னார், பார்மசியில் கிடைக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும். கூடப் போட்டால் பிசுபிசுப்பு போகாது. பழைய காலத்தில் வர்ணம் செய்கிறவர்கள் இதற்காகத்தான் தேன் சேர்த்தார்களாம். அவரும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் பலட் முழுக்க எறும்பு.

இன்னொன்றும் காட்டினார். கடதாசியின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து, வழுவழுப்பான தரை ஓட்டின்மேல் படியவைப்பது. அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், காற்று மேலே மட்டும்தான் பிடுங்கும். அவர் ஓடும் கையுமாக வந்திருந்தார், எனக்குத் தருவதற்கென்றே.

டீச்சரின் முறை வந்தபோது அவர் படம் எதையும் எடுக்கவில்லை. ஒரு நீளத் துண்டுக் கடதாசியை எடுத்தார். ஆறு கிழமைக்கு முன் ஐந்து நிறத்தைப் பட்டையாகப் பூசி, பாதியை மட்டை வைத்து மூடி, ஜன்னலில் ஒட்டியிருந்தார். இன்று மட்டையைப் பிரித்தோம். அல்ட்ராமரின் நீலம் அசையவில்லை. பேர்ன்ட் சியன்னா மண்ணிறமும் அப்படியே. அலிசரின் கிரிம்சன் சிவப்பு மட்டும் வெயில் பட்ட பாதியில் வெளுத்துப்போயிருந்தது. குழாயில் போட்டிருக்கும் அழகான பெயரைப் பார்க்காதீர்கள், சின்ன எழுத்தில் இருக்கும் நிறமி இலக்கத்தைப் பாருங்கள் என்றார்: பீஆர்83 என்றிருந்தால் அதுதான் இது.

அப்புறம் எழுந்து உள்ளே போய், அறைச் சுவரிலிருந்து தன் தாயின் கூறைச் சேலையை வரைந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்தச் சிவப்பு முழுக்க அலிசரின். "இனி வெயில் படாத இடத்தில வைப்பம்" என்று மட்டும் சொல்லி அலமாரிக்குள் வைத்தார். நாங்கள் பிளேன்டீயைக் குடித்தோம்.

ஜூலை 20, சனி, போயா

இன்று சந்திப்பு விறாந்தையில் இல்லை, பாலத்தடியில். காற்று விழுந்து தண்ணீர் அசையாமல் கிடந்தது. வாவித் தண்ணீருக்கடியில் கேட்கும் ஓசையை இங்கே பாடுமீன் என்பார்கள். அதைக் கேட்பதற்கு இந்த மாதங்களின் பூரணைதான் சரியான நேரம் என்று நானா ஒரு தோணிக்காரரிடம் பேசிவைத்திருந்தார். நடுவே போனதும் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் நேராக இறக்கினார். மேல்நுனியில் காதை வைத்தேன். தந்தியொன்றை விரலால் மெல்லத் தொட்டுவிட்டாற்போல ஒரு அதிர்வு. நின்றது. மறுபடியும். டீச்சர் காதை எடுக்கவே இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. தோணியிலிருந்து பாலத்தை அண்ணாந்து பார்த்தேன். நிலவொளியில் நிறமே இல்லை. கடும் இருட்டு, பாதி இருட்டு, வெள்ளை. மூன்றே மூன்றுதான். அப்படியிருந்தும் பாலம் முழுசாக நின்றது. ஒவ்வொரு சட்டமும் தெரிந்தது. தம்பி போனில் காட்டியதை நான் அன்று தலையால் விளங்கினேன். இன்றைக்குத்தான் கண்ணால். அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப ரெண்டு நிறத்தோட செய்யுங்க அக்கா" என்றான்.

ஜூலை 23, செவ்வாய்

ஐந்து மணிக்கு முன் எழும்பிவிட்டேன். கச்சான் எழும்புவதற்குள் முடிக்க வேண்டும். கல்லடிப் பக்கம் கரையில் இருந்து, மடியில் நானாவின் ஓடு, அதன்மேல் நனைந்த கடதாசி. அல்ட்ராமரினும் பேர்ன்ட் சியன்னாவும், வேறொன்றும் இல்லை.

இந்த இரண்டும் சேர்ந்தால் சாம்பல் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எத்தனை சாம்பல்! நீலம் கூடினால் மழைமேகம், மண்ணிறம் கூடினால் துரு. அல்ட்ராமரினின் துகள் கனமானது. தண்ணீர் வற்றும்போது கடதாசிக் குழிகளில் போய்த் தங்கிவிடும். ஈரமாயிருக்கும்போது ஒரே சீராகத்தான் இருந்தது. காயக் காய, தூண்களில் புள்ளி புள்ளியாகத் துகள் தெரிந்தது. உப்புக்காற்றில் கிடந்த இரும்பு அப்படியேதான் இருக்கும். அதை நான் வரையவில்லை, தானாக வந்தது. கைநடுக்கம் வந்து தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

தண்ணீரின் மினுக்கத்துக்கு, ஈரத்தைத் துணியில் ஒற்றிய தூரிகையைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. சொரசொரப்பின் மேடுகளில் மட்டும் நிறம் பிடித்தது. குழிகள் வெள்ளையாய் மிஞ்சின. இரண்டாவது இழுப்புக்குக் கை போனது. போகவிடவில்லை.

காய்ந்ததும் வானம் வெளிறிவிட்டது. ஈரத்தில் பார்த்ததைவிட எப்போதும் ஒரு படி வெளிறும். அதையும் கணக்குப்பண்ணிக் கடுமையாகப் போட்டிருக்க வேண்டும். பரவாயில்லை. கீழே வலது பக்கம், கரையோரக் கண்ணாக்காட்டுக்கு (சதுப்புநிலக் காடு) முன்னால் உள்ளங்கையகல வெள்ளை மிச்சம் இருக்கிறது. அங்கே தோணி வருமா வராதா என்று தெரியாமல் விட்டது.

ஜூலை 27, சனி

மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா தொடங்கிவிட்டது, ஆகஸ்ட் 4 ஆடி அமாவாசையில் தீர்த்தம். தம்பி அங்கிருந்து வறுத்த கச்சான் சரை நாலு வாங்கிவந்தான். காற்றுக்கும் கடலைக்கும் எங்களிடம் ஒரே பெயர்.

படத்தைச் சுவரில் சாய்த்தோம். தம்பி போனை எடுத்தான்; கறுப்பு வெள்ளையில் பாலம் தனியாக நின்றது. ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினான். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் பெரிது.

அப்புறம் வாக்குவாதம். டீச்சர் கண்ணைப் பாதி மூடிப் பார்த்துவிட்டு, "மகள், இதுக்கு மேல ஒண்டும் தொடாத" என்றார். அந்த வெள்ளை வாவியின் வெளிச்சமாகவே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். நானா ஒத்துக்கொள்ளவில்லை. ஆளில்லாத வாவியை அவர் பார்த்ததே இல்லையாம். இந்த நேரத்தில் வலை இழுக்கிற ஒருவராவது இருப்பார், அவரை விட்டுவிட்டால் படம் பொய் என்றார். இரண்டு பேரும் விடுகிறமாதிரி இல்லை. எனக்கும் இரண்டும் சரியாகப் பட்டது.

தம்பிதான் என் ஒன்பதாம் தேதிக் கெட்டுப்போன துண்டை எடுத்தான். அந்தப் பூக்கோவா இடத்திலிருந்து கத்தரியால் நகமளவில் ஒரு தோணியை வெட்டினான். நின்றபடி கோலூன்றித் தோணியைத் தள்ளுகிற ஒரு ஆளோடு. அதைப் படத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்த்தோம். நடுவில் வைத்தால் பாலம் சுருங்கியது. கண்ணாக்காட்டோடு ஒட்டினால் காணாமல் போனது. தூணின் நிழல் முடியுமிடத்தில் வைத்ததும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் இடப்பக்கம்." நானா விரல்நுனியால் ஒரு நெல்லளவு தள்ளினார். "இன்னும்." தள்ளினார்.

மாஸ்கிங் டேப்பில் சின்னத் துண்டு கிழித்து அந்த இடத்திலேயே ஒட்டிவிட்டு, படத்தைப் பாலித்தீன் பையில் போட்டேன். திரும்பும்போது பாலத்தில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, பையை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தேன். இடம் சரிதான்.