எட்டுக்கு நாலு பிளைவுட்டில் ஆசரிப்புக் கூடாரம்

ஏப்ரல் பிறந்தால் பெங்களூர் தமிழ்ச் சபைகளில் வி.பி.எஸ். (சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலை சூடுபிடிக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி செய்யலாம் என்று முடிவானதும் பலர் முதலில் ஓடுவது தங்க நிற ஸ்பிரே பெயின்ட் வாங்கத்தான். அதைத் தெர்மாகோலில் அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழி குழியாகிவிடும். வர்ணம் கடைசி வேலை. முதலில் யாத்திராகமம் 26, 27 அதிகாரங்களையும் ஒரு கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு முழத்துக்கு 2 செ.மீ. என்று வையுங்கள். பிராகாரம், அதாவது கூடாரத்தைச் சுற்றிய முற்றம், 100க்கு 50 முழம். ஆக 200க்கு 100 செ.மீ. எட்டுக்கு நாலடி பிளைவுட் 244க்கு 122 செ.மீ. இருப்பதால் சுற்றிலும் இடம் மிஞ்சும். முழுப் பலகை அபார்ட்மென்ட் லிஃப்டில் நுழையாது. கடையிலேயே நாலுக்கு நாலாக இரண்டு துண்டு போட்டு வாங்குங்கள். அந்த வெட்டு ஒரு வகையில் வசதிதான். 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷியின் கணக்கில் கூடாரத்துக்குப் பின்னாலும் இரு பக்கத்திலும் 20 முழம், முன்னால் 50 முழம் காலியிடம். அப்படி வைத்தால் வெட்டுக்கோடு கூடார வாசலுக்கு நேராக விழும். கூடாரம் மேற்குத் துண்டில், பலிபீடமும் தொட்டியும் கிழக்குத் துண்டில். ஆள் பொம்மை ஏழு, ஏழரை செ.மீ.யைத் தாண்டக் கூடாது.

பிராகாரத் தூண்கள் 20, 20, 10, 10. ஒவ்வொரு பக்கமும் மூலைத் தூணைச் சேர்த்து எண்ணினால் மொத்தம் 56தான் வரும், இடைவெளியும் கோணலாகும். ஒரு மூலையில் தொடங்கி 10 செ.மீ.க்கு ஒன்றாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். சரியாக 60 வரும். தூண் உயரம் 10 செ.மீ. கிழக்கே நடுவில் 40 செ.மீ. மட்டும் வண்ணத் திரை, மற்றதெல்லாம் வெள்ளை.

அதிகம் சொதப்புவது பலகைகளில்தான். 48 பலகை, ஒவ்வொன்றும் 10 முழ உயரம், ஒன்றரை முழ அகலம்: 20 செ.மீ.க்கு 3 செ.மீ. தெற்கே 20, வடக்கே 20 அடுக்கினால் நீளம் 60 செ.மீ., பிரச்சினை இல்லை. மேற்கே ஆறு பலகை 18 செ.மீ.தான் வரும், மூலைக்கு இன்னும் இரண்டு. எட்டையும் வரிசையாக ஒட்டினால் 24 செ.மீ. உள்ளகலம் 20 செ.மீ. இருந்தால்தான் மகா பரிசுத்த ஸ்தலம் என்ற உள்ளறை பத்து முழச் சதுரமாகும். பலகையின் கனம் யாத்திராகமத்தில் இல்லை. ராஷி ஒரு முழம் என்பார். அப்படியானால் 2 செ.மீ. கட்டை, மூலைப் பலகையில் 1 செ.மீ. உள்ளே தெரியும், மிச்ச 2 செ.மீ. பக்கச் சுவரின் கனத்தை மூடும். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் நான்கு விரற்கடை என்கிறார். நம் அளவில் அது 3 மி.மீ.க்குச் சற்று மேல். 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்திய பலகை) வாங்கி, மூலைக்கு மட்டும் 1 செ.மீ. கீற்று வைத்தால் போதும். என் ஓட்டு இரண்டாவதற்கே, எடை குறைவு. ஆனால் எம்.டி.எஃப். ஈரம் பட்டால் உப்பும். மே மாத மழைக்கு முன் விளிம்புக்கும் இரண்டு கோட் வர்ணம் அடித்துவிடுங்கள்.

பலகை சரியாக நின்றால் மூடுதிரை தானாகப் பொருந்தும். உள்திரை 28க்கு 4 முழத்தில் பத்து: தைத்தால் 80க்கு 56 செ.மீ. ஐந்தைந்தாகத் தைத்து, நடுவில் காதும் கொக்கியும். வாசலிலிருந்து 20 முழத்தில் வரும் அந்த இணைப்புக்கு நேர் கீழேதான் மகா பரிசுத்த ஸ்தலத்தைப் பிரிக்கும் திரைச்சீலை தொங்க வேண்டும் (26:33). அளக்காமல் குத்துமதிப்பாகத் தொங்கவிட்டுவிடுகிறார்கள். ஆட்டுமயிர்த் திரை பதினொன்று, 88க்கு 60 செ.மீ. ஆறு ஒரு பக்கம், ஐந்து ஒரு பக்கம்; ஆறாவது முன்புறம் பாதியாக மடியும். அதனால் இதன் இணைப்பு உள்திரை இணைப்புக்கு 4 செ.மீ. பின்னால் தள்ளி விழும். இரண்டு இணைப்பும் ஒன்றின் மேல் ஒன்று வராததால் மழைநீர் நேராக உள்ளே இறங்க வழியில்லை. துணிக்குச் சிக்பேட்டை போதும். வேதத்தில் ‘பஞ்சுநூல்’ என்றிருந்தாலும் எபிரெய மூலத்தில் அது லினன். இந்த அளவுக்கு மல் துணியே நன்றாக மடியும். கம்பளி வேண்டாம், விறைத்து நிற்கும்.

குத்துவிளக்கு என்ற சொல்லைப் பார்த்துப் பூஜைச் சாமான் கடை ஐந்துமுக விளக்கை வைத்த மாதிரிகளும் உண்டு. ஆன்லைனில் வாங்கினால் வருவது பெரும்பாலும் யூதரின் அனுக்கா பண்டிகைக்கான ஒன்பது கிளை விளக்கு. வேண்டியது ஏழு அகல், எண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி கிடையாது. யாத்திராகமம் ஒரு தாலந்து பொன் என்கிறதே தவிர உயரம் சொல்லவில்லை. யூதச் சட்ட விளக்க நூலான தால்முத் 18 கைப்பிடி அகலம் என்கிறது, அதாவது 3 முழம், நமக்கு 6 செ.மீ. ரீவைண்டிங் கடைச் செம்புக் கம்பியில் 19, 38, 57 மி.மீ. துண்டுகளை அரைவட்டமாக வளைத்தால் ஆறு கிளையின் நுனியும் ஒரே மட்டத்தில் நிற்கும். எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் சால்டர் ஒட்டாது. இரண்டாவது இணைப்பைச் சுடும்போது முதலாவது கழன்று விழும்; இடையில் ஒரு முதலைக் கிளிப் மாட்டினால் சூடு அங்கே போகாது. கிளை வளைவா நேரா என்பதில் பழைய சர்ச்சை உண்டு. ரோமில் பேரரசர் தீத்துவின் வெற்றி வளைவுச் சிற்பத்தில் இருப்பது வளைந்த கிளைதான்.

விளக்கு தெற்கே, சமுகத்தப்ப மேஜை வடக்கே. கிழக்கு வாசலில் நுழைபவருக்கு விளக்கு இடது கை. மேலிருந்து படம் பார்த்துச் செய்கிறவர்கள் மாற்றி வைத்துவிடுகிறார்கள். மேஜை 4, 2, உயரம் 3 செ.மீ.; தூபபீடம் 2, 2, 4; உடன்படிக்கைப் பெட்டி 5, 3, 3. பெட்டியின் தண்டுகளை மட்டும் ஒட்டிவிடுங்கள், அவை வளையங்களிலிருந்து கழற்றப்படக் கூடாதவை (25:15). தகனபலிபீடம் 10, 10, 6. படிக்கட்டு வைக்காதீர்கள், யாத்திராகமம் 20:26 அதைத் தடுக்கிறது. சரிவு வைக்கலாம்.

தத்ரூபமாக இருக்கட்டும் என்று தூபவர்க்கத்தையும் நாலு பொருள் சம எடையில் இடித்துக் கலக்க ஆசைப்படுவோருக்கு: அதே கலவையைத் தங்களுக்கென்று செய்யக் கூடாது என்று 30:37 சொல்கிறது. பட்டியலில் இருக்கும் குங்கிலியமும் நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியமும் ஒன்றல்ல; எபிரெயச் சொல் ஒருவகைக் கடல் நத்தையின் ஓட்டு மூடியைக் குறிக்கிறது என்பது பலர் கருத்து. வெறும் சாம்பிராணி போதும், அதையும் மல் துணிக்குப் பக்கத்தில் பற்றவைக்காதீர்கள்.