பழைய சாவேஜுக்குப் புது பேரல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்கான துப்பாக்கி சீசன் ஒன்பது நாள். நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அந்த வருடம் கடைசி நாள் முழுக்க மழையும் பனியும் கலந்து கொட்டியது. நனைந்து, விறைத்து வீடு வந்தவன், ரைஃபிளை மேலோட்டமாகத் துடைத்து ஸ்பாஞ்சு வைத்த பெட்டிக்குள் வைத்து மூடினேன். மறுபடி திறந்தது ஏப்ரலில்.

அது சாவேஜ் நிறுவனத்தின் 110 மாடல், .270 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டா போடுவது. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு எனக்குக் கொடுத்தது. வேட்டையை எனக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். பேரலுக்குள், அதாவது குழலுக்குள், எண்ணெய்த் துணி விட்டு இழுத்தேன், செங்கல் பொடி நிறத்தில் துருவோடு வந்தது. இரண்டாவது, மூன்றாவது துணியும் அதே நிறம்தான். வயிறு கலங்கிவிட்டது.

சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன். 100 கெஜத்தில் முன்பு மூன்று குண்டும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும். இப்போது ஐந்து அங்குலம் சிதறியது. ஆனாலும் உடனே பேரல் தேட ஆரம்பிக்கக் கூடாது. சிதறலுக்குப் பேரல் காரணமாக இல்லாமலும் போகலாம். தோளில் வைக்கும் மரக் கட்டையோடு ரிசீவரை (பேரல் வந்து பொருந்தும் நடு உடல்) பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம், ஸ்கோப் அடித்தளம் ஆடலாம், உள்ளே குண்டின் செம்பு படிந்திருக்கலாம். செம்பு கரைக்கும் திரவம் விட்டால் துணி நீலமாக வரும். நீலம் நிற்கும்வரை தேய்க்க வேண்டும். குண்டு வெளியேறும் வாய் விளிம்பு மட்டும் அடிபட்டிருந்தால், அதைத் திரும்பச் சீவிக் கொடுக்கச் சொன்னால் போதும், செலவு மிகக் குறைவு. இதையெல்லாம் பார்த்து முடித்தேன், சிதறல் மாறவில்லை. கடைசியில் போனோடு இணையும் சின்ன கேமராவை உள்ளே விட்டேன். தோட்டா உட்காரும் சேம்பரைத் தாண்டியதும், குண்டைச் சுழல வைக்கும் புரிகள் மேல் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அதற்கு மருந்து கிடையாது.

முதலில் போன கடையில், "புது பேரல், லேத் வேலை எல்லாம் சேர்த்து 900 டாலர் ஆகும், பேசாமல் புது ரைஃபிள் வாங்குங்கள்" என்றார்கள். என்ன மாடல் என்று பார்க்காமலே சொன்ன விலை அது. எனக்கு அப்போது அது தெரியாது, மனசு விட்டுப்போனது. இரண்டு வாரம் கழித்து துப்பாக்கி பழுதுபார்க்கும் வேறொரு கன்ஸ்மித்திடம் காட்டினேன். பேரலும் ரிசீவரும் சேரும் இடத்தில் இருந்த காடி வெட்டிய வளையத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இந்த நட்டு இருக்கும்போது ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்றார்.

என் அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மரை விஷயம் என்பதால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ரெமிங்டன் 700 மாதிரியான ரைஃபிள்களில் பேரலுக்குத் தோள்பட்டை உண்டு. அந்தத் தோள் ரிசீவரில் வந்து முட்டி நிற்கும். பொதுவாக ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அளவெடுத்து, லேத்தில் வைத்து, நூலில் ஒரு பங்கு பிசகாமல் சீவ வேண்டும். கூலி ஏறுவது அங்கேதான். 1958-ல் வந்த சாவேஜ் 110-ல் தோளுக்குப் பதிலாக நட்டு. பேரலைத் திருகி, சேம்பரின் ஆழத்தைச் சரிபார்க்கும் அளவுக்கட்டை வைத்துச் சரியான இடத்தில் நிறுத்தி, நட்டை இறுக்கினால் முடிந்தது. சேம்பர் வரை வெட்டித் தயாராக இருக்கும் பேரலை வாங்கி அப்படியே மாட்டலாம். ரெமிங்டனுக்கும் இதே நட்டு முறையில் பேரல் விற்கிறார்கள். ஆகவே பேரல் விலையை விசாரிக்கும் முன் உங்கள் ரைஃபிளில் பேரல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்து எந்தத் தோட்டா என்ற கேள்வி. இந்தமுறை என் மகளும் கூட வருவதாக இருந்ததால், உதை குறைவான 6.5 க்ரீட்மோர் போடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். தோட்டாவின் அடிப்பகுதி இரண்டுக்கும் ஒரே அளவு, ஆகவே சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை மாற்ற வேண்டாம். ஆனால் க்ரீட்மோர் குட்டைத் தோட்டா. நீளமான .270-க்குச் செய்த மேகசினில் (தோட்டா அடுக்கும் அறை) அது முன்னும் பின்னும் ஆடும், ஏறும்போது சிக்கலாம். மேகசினையும் மாற்றினால் சிக்கனம் போச்சு. .30-06, .25-06 என்றால் பேரலை மட்டும் மாற்றினால் போதும். நான் .270-லேயே நின்றேன். அலமாரியில் நாலு பெட்டித் தோட்டா இருந்தது, அந்தக் குண்டு எங்கே இறங்கும் என்பதும் கைக்குப் பழகியிருந்தது. மகளுக்கு .270-லேயே உதை குறைந்த தோட்டா தனியாக வாங்கினேன்.

புரியின் முறுக்கு .270-க்கு வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஈயம் இல்லாத செம்புக் குண்டு சுடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தை விட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும். நான் சுடும் 130 கிரெயின் எடையுள்ள செம்புக் குண்டுக்கு இந்த முறுக்கே போதும்.

தரம் பற்றி நிறையப் பேர் குழப்புவார்கள். க்ரீகர், பார்ட்லைன் நிறுவனங்கள் மாதிரி ஒற்றை வெட்டு முறையில், உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் புரி போடும் பேரல்கள் அருமையானவை. இரண்டும் எங்கள் மாநிலத்திலேயே செய்கிறார்கள். ஆனால் போட்டியில் சுடுபவருக்கு வேண்டிய துல்லியம் மான் வேட்டைக்குத் தேவையில்லை. மானின் நெஞ்சுக்கூட்டில் குறி வைக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், சுமார் எட்டு அங்குலம். வருடத்துக்கு நாற்பது ஐம்பது தோட்டா சுடுபவனுக்குப் பட்டன் முறையில் (கடினமான குமிழை உள்ளே இழுத்து அழுத்தி) புரி போட்ட நடுத்தர விலைப் பேரல் தாராளமாகப் போதும். கூடுதல் காசை ஒரே இடத்தில்தான் போட்டேன்: க்ரோமோலி எஃகு வேண்டாம், துருவேறாத எஃகு கொடுங்கள் என்றேன். பட்டவனுக்குத்தானே தெரியும்.

நடுவில் ஒரு சபலம். புது ரைஃபிள் வாங்கியதும் அதன் பேரலைக் கழற்றிவிட்டு உயர்ந்த ரகம் போடுபவர்கள், கழற்றியதை மலிவாக விற்பார்கள். ஒருவரிடம் 110 டாலருக்கு வாங்கினேன். கேமரா விட்டால், சேம்பருக்குள் வளையமாகத் துரு. நல்ல மனிதர், காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கும் முன் உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஜூனில் ஆர்டர் செய்து ஆகஸ்டில் வந்தது. இங்கே மத்தியச் சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது ரிசீவர்தான், அதனால் பேரல் வீட்டுக்கே பார்சலில் வரும். இதைப் படித்து ஊரில் யாரும் முயல வேண்டாம். இந்தியாவில் ஆயுதத்தின் பாகமும் சட்டப்படி ஆயுதம்தான். 1972 வனவிலங்குச் சட்டப்படி அங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கும் இப்போது தடை.

பழைய நட்டு அசைய மறுத்தது. இரண்டு இரவு எண்ணெயில் ஊறவைத்தும் பலனில்லை. கன்ஸ்மித் பேரலைத் தடித்த பிடிப்பானில் பூட்டி, நீளச் சாவி போட்டு ஒரே உதறு உதறினார். 'டப்' என்று பட்டறையே அதிர்ந்தது. புதுசை என் கண் முன்னே பொருத்தினார். சிறிய அளவுக்கட்டை மேல் போல்ட் மூட வேண்டும், பெரிய அளவுக்கட்டை மேல் மூடக் கூடாது. இந்த இடைவெளி அதிகமானால் சுடும்போது தோட்டாவின் கூடு பிளந்து, சூடான வாயு முகத்தில் அடிக்கலாம். வீட்டிலேயே செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுக்கட்டைகள் இல்லாமல் மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.

நான் செய்த தவறு பேரலின் பருமனில். பழசை விட ஒரு நூல் தடிமன் கூடிவிட்டது. ஒரு டாலர் நோட்டை மடித்துப் பேரலுக்கும் மரக் கட்டைக்கும் நடுவே இழுத்தால், பாதி தூரத்தில் வலப்பக்கம் நின்றது. அப்படித் தொட்டுக்கொண்டிருந்தால் பேரல் சூடேறச் சூடேறக் குண்டு விலகும். வட்டக் குச்சியில் உப்புத்தாள் சுற்றி, வால்நட் மரக் கட்டையைத் தேய்த்தேன். நோட்டு தடையில்லாமல் ரிசீவர் வரை ஓட இரண்டு மணி நேரம் ஆனது. தேய்த்த இடத்தில் ஈரம் இறங்காமல் எண்ணெய் பூசிவிட்டேன்.

பேரலும் அனுப்பும் செலவும் 365 டாலர், அளவுக்கட்டை 38, கூலி 80. ஆக 483. இந்தக் காசுக்கு ஒரு சாதாரணப் புது ரைஃபிளே கிடைக்கும், மறுக்கவில்லை. பெரியவர் கொடுத்தது என்பதால்தான் இதைச் செய்தேன். உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இல்லையென்றால் புதுசே வாங்குங்கள்.

செப்டம்பரில் பெரியவரையும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனேன். 100 கெஜத்தில் மூன்று குண்டு, ஒன்றேகால் அங்குலம். அடுத்த மூன்றை மகள் சுட்டாள், இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அவள் தோளைத் தட்டினார்.

இப்போது காட்டிலிருந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றுவதில்லை. போல்ட்டை உருவி, பேரலுக்குள் உலர்ந்த துணி இரண்டு, எண்ணெய்த் துணி ஒன்று விட்டு, பூட்டுள்ள அலமாரியில் நிறுத்திவிட்டுத்தான் குளிக்கப் போகிறேன். ஸ்பாஞ்சுப் பெட்டி பயணத்துக்கு மட்டும்.