போன்சாய் கண்காட்சியில் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

நின்றபடி பார்த்தால் போன்சாயின் உச்சிதான் தெரியும். அடிமரத்தின் நடுப்பகுதிக்கு நேராகக் கண் வரும்படி குனியுங்கள். தொட்டிக்குள் இருப்பது அப்போதுதான் பெரிய மரமாகத் தெரியும்.

பார்வையை வேரிலிருந்து தொடங்குங்கள். மண்ணுக்கு மேல் தெரியும் வேர்ப்பரப்பை ஜப்பானியர் 'நெபாரி' என்பார்கள். அது நாலாபுறமும் விரிந்து மண்ணைக் கவ்வியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒரு வேர் பருத்திருந்தால், மண் மாற்றும்போதெல்லாம் அதைக் குறைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பூவும் இலையும் ஒரே பருவத்தில் வந்துவிடும். நல்ல நெபாரிக்குப் பல ஆண்டுகள் வேண்டும், அதனால் என் முதல் மதிப்பெண் எப்போதும் அதற்குத்தான். புதிதாக ஒட்டிய பாசி வேரடியையே மூடியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது அடிமரம். மேலே போகப் போகச் சீராக மெலிய வேண்டும். நடுவில் முண்டுபோல் வீங்கியிருந்தால், அந்த ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளைகளை வளரவிட்டதுதான் காரணம். இளசிலேயே இரண்டாகக் குறைத்திருந்தால் தப்பியிருக்கும். பிறகு சரிசெய்வது மிகக் கடினம்.

கிளைகளில் திருகுத் தழும்பு இருக்கிறதா? கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியைக் காலம் தாழ்த்தி எடுத்ததன் அடையாளம் அது. வேகமாக வளரும் பருவத்தில் அத்தி இன மரங்களில் சில வாரங்களிலேயே கம்பி பட்டையில் பதிந்துவிடும். கம்பியைச் சுழற்றிக் கழற்றினால் கிளை ஒடியலாம். சுற்றுக்குச் சுற்று வெட்டி எடுப்பதே பாதுகாப்பு.

ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தில் பட்டை உரித்து வெளுத்த அடிமரப் பகுதி 'ஷாரி'. பக்கத்தில் ஓடும் உயிருள்ள பட்டையை வேரிலிருந்து கிளைவரை கண்ணாலேயே தொடர்ந்து போங்கள். அந்த ஓட்டம் வேரிலிருந்து இலைவரை அறாமல் போவதைப் பார்ப்பதில் தனி இன்பம் உண்டு. உளித் தடம் அப்படியே தெரிந்தாலோ சுண்ணாம்பு அடித்ததுபோல் பளீரென்று வெளுத்திருந்தாலோ வேலை இன்னும் முற்றவில்லை.

இலையைச் சிறிதாக்க முடியும், பழத்தை முடியாது. எனவே பழ மரமென்றால் சிறு காய் காய்க்கும் இனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

டோக்கியோவில் 1934இல் தொடங்கிய கொக்குஃபு கண்காட்சி பிப்ரவரியில் நடக்கும். இலையுதிர் மரங்கள் அங்கே மொட்டையாகவே நிற்கும். நுனிக்கிளைகளின் பின்னல் முழுவதும் அப்போதுதான் தெரியும், குறையும் சேர்ந்துதான்.