செட்டில்டு

ஆகஸ்ட் 4, 2025

இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 5

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை. குறுஞ்செய்திதான் வந்தது. "வங்கியின் உள் விதிமுறைகளின்படி தங்கள் வீட்டுக்கடன் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை." ஆபீஸில் எல்லோரும் இருக்கும்போது வந்தது. படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு திருப்பி மறுபடியும் படித்தேன். இதையே சாயங்காலம் வரை செய்துகொண்டிருந்தேன்.

மூன்று வருஷம். ஒரு தவணை, ஒரு மின்கட்டணம், எதுவும் ஒரு நாள் தள்ளிப்போனதில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் அவர் "என்ன காரணமாம்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். தெரியும்.

ஆகஸ்ட் 7

அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனோம். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். நல்ல பையன். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"சார் ஸ்கோர் 781. பிரச்சினையே இல்ல. மேடத்தோடது 668."

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மார்க்; 300-இல் தொடங்கி 900-இல் முடியும் கணக்கு அது. 668 என்றால் ஏறக்குறைய பாஸ் மார்க் என்று ஒரு நொடி நினைத்துக்கொண்டேன்.

"ஸ்கோர்கூட பரவால்ல மேடம். இங்க பாருங்க." பேனா நுனியால் ஒரு சொல்லைத் தொட்டார். செட்டில்டு.

எனக்குப் புரியவில்லை. புரியாமல் இருந்ததுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது. நம் வீடுகளில் செட்டில் என்றால் எவ்வளவு நல்ல வார்த்தை! பையன் செட்டில் ஆகிவிட்டான், பெண்ணைச் செட்டில் பண்ணிவிட்டோம், கணக்கை செட்டில் பண்ணிவிட்டேன் என்றால் இனி பாக்கி இல்லை. வங்கி அகராதியில் நேர் எதிர். முழுசாகக் கட்ட வக்கில்லாமல், கிடைத்தவரை போதும் என்று அவர்கள் வாங்கிக்கொண்டு கதவை மூடிய கணக்கு. முழுசாகக் கட்டியிருந்தால் அங்கே 'க்ளோஸ்டு' என்று இருந்திருக்கும்.

மறுத்த காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறதே என்று கேட்டேன். "தந்துடலாம் மேடம்" என்றார். தருவார். அதில் என்ன இருக்கும் என்பதுதான் இப்போது தெரிந்துவிட்டதே.

ஆகஸ்ட் 8

தம்பி பேசினான். லோன் வந்துருச்சாக்கா என்று கேட்டான். வரும் என்றேன்.

ஆகஸ்ட் 10

ராத்திரி என் கடன் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் கணக்கையெல்லாம் குறித்து வைக்கிற நிறுவனங்கள் நாலு. ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசம். நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. இதெல்லாம் தெரிந்தும் மூன்று வருஷமாக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்தமாதிரி.

மாதம் மாதமாகக் கட்டம் போட்டிருக்கிறார்கள். தவணை எத்தனை நாள் தாமதம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். முதலில் 000, 000, 000. அப்புறம் 030. அப்புறம் 061. அந்த 061 மாதம்தான் தம்பி "அடுத்த மாசம் ரெண்டையும் சேர்த்துக் கட்டிடறேன்க்கா" என்றது. 092-இல் வாராக்கடன் ஆகிவிடும். 90 நாள்தான் கோடு. அந்த மாதம்தான் ஆபீஸ் ரிசப்ஷனுக்கு போன் செய்ய ஆரம்பித்தார்கள். ரிசப்ஷன் பெண் இணைப்பைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்துவாள். அவள் தாழ்த்தியதுதான் எனக்கு அவமானமாக இருந்தது, அவர்கள் கத்தியது அல்ல. 122. 153. அவர் ராத்திரி ஷிப்டில் இருந்த மாதங்கள். இந்தக் கட்டங்களை யாரோ என் டைரி என்று நினைத்து எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு சரியாக நானே எழுதியிருக்கமாட்டேன்.

தம்பிக்காக வாங்கிய கடன்தான், ஆனால் கையெழுத்து என்னுடையது. அதை யாரும் பிடித்துப் போடவைக்கவில்லை.

ஆகஸ்ட் 11

தெரியாத எண். எடுக்கவில்லை. இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் பார்த்தால் மறுத்த அதே வங்கியிலிருந்து செய்தி: உங்களுக்கு முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட தனிநபர் கடன் காத்திருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன். அவர் ஹாலிலிருந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 14

மேனேஜர் அன்றைக்கே சொன்ன யோசனையை அவர் இன்று எடுத்தார். அவர் பெயரில் மட்டும் விண்ணப்பித்தால் கிடைத்துவிடுமாம். ஆனால் பத்திரத்தில் பெயர் இருக்கிற எல்லோரும் கடனிலும் இருக்க வேண்டும் என்பார்கள். அதனால் பத்திரத்திலும் என் பெயர் வராது.

"யார் பேர்ல இருந்தா என்ன, நம்ம வீடுதானே?"

ஆமாம் என்றேன். முன்பணத்தில் பாதி என் பி.எஃப். பணம் என்று சொல்லவில்லை. சொன்னால் அது வேறு சண்டை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம், கோபித்துக்கொள்ள இடமே கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 19

இன்னொரு வங்கியில் கேட்டுப் பார்த்தேன், அவருக்குச் சொல்லாமல். ஆன்லைனில். ஒரு நிமிஷத்தில் இல்லை. இப்போது விசாரணைப் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக ஏறியிருக்கும். கடன் கேட்டு யார் யார் கதவைத் தட்டினோம் என்பதுகூடப் பதிவாகிறது. அடுத்தடுத்துத் தட்டினால் அதற்கும் மார்க் குறையும்.

சமரசமாக முடித்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக்கூடாது என்று 2023-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. குறைந்தது 12. அதிகபட்சம் எத்தனை? அது அவரவர் இஷ்டம். மற்ற வங்கிகளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது.

ஆகஸ்ட் 22

பீரோவின் அடித்தட்டில், அந்தக் கடனை முடித்தபோது வங்கி கொடுத்த கடிதத்தோடு அந்தப் பழுப்புக் கவர் அப்படியே இருக்கிறது. நிலுவை 2,38,460. ஒரே தவணையில் பெற்றுக்கொண்டது 1,40,000. நான் இத்தனை நாள் இதை ஒரு சர்டிபிகேட் மாதிரி பத்திரப்படுத்தியிருந்தேன்.

98,460.

மார்ச் 2022-இல் தம்பியிடம் முடிஞ்சுதுடா என்று சொன்னேன். அப்பாடா என்றான். அவ்வளவுதான். எவ்வளவுக்கு முடிந்தது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன வருஷம் கார் வாங்கினான். கடனில்தான். அவனுக்குக் கொடுத்தார்கள். ஏன் கொடுக்கமாட்டார்கள், அவன் பெயரில் ஒரு புள்ளிகூடக் கிடையாதே.

ஆகஸ்ட் 25

பழைய வங்கிக்குப் போனேன். "அந்த அக்கவுண்ட்டே சிஸ்டத்துல இல்ல மேடம்." வசூல் பிரிவுக்கு மெயில் போடச் சொன்னார்கள். சிஸ்டத்தில் இல்லாத கணக்குதான் என் சிபிலில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29

மெயில் பதில்: தள்ளுபடி செய்த 98,460 ரூபாயைச் செலுத்தினால் நிலுவையில்லாச் சான்று தருவோம், 'க்ளோஸ்டு' என்று மாற்றி அனுப்புவோம். பணம் கட்டும் முன்பே இதை லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

மேனேஜருக்குப் போன் செய்து கேட்டேன். "ஹெல்ப் ஆகும் மேடம். ஆனா கேரண்டி சொல்ல முடியாது. லேட் ஆன மாசமெல்லாம் அப்படியேதான் இருக்கும்."

செப்டம்பர் 1

இன்று எல்லோர் மேலும் கோபம். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் வணிக முடிவு, அந்தப் புகாரை எடுக்கமாட்டார்கள். அறிக்கையில் தப்பு இருந்தால் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நல்ல விதிதான். ஆனால் என் அறிக்கையில் ஒரு தப்புகூட இல்லையே. நாலு மணிநேரம் தேடினேன். ஏதாவது ஒரு தப்பு இருக்காதா என்று.

செப்டம்பர் 3

தம்பி நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 6

அவரிடம் தொகையைச் சொல்லிவிட்டேன். தள்ளுபடி வாங்கியதையும், பழைய கவரையும், எல்லாவற்றையும். கவரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவு நாளா நீ மட்டும் வெச்சிருந்தியா?" என்றார். கடனைச் சொன்னாரா, கவரைச் சொன்னாரா தெரியவில்லை.

செப்டம்பர் 9

கட்டியாயிற்று. தம்பியிடம் கேட்கவில்லை. எல்லோரும் கேட்கச் சொல்வார்கள். கேட்டால் கொடுப்பான் என்றுகூடத் தோன்றுகிறது. அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. அவன் கொடுத்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?

செப்டம்பர் 16

இந்த வருஷத்திலிருந்து 15-ஆம் தேதியும் மாதக் கடைசியும் என்று இரண்டு முறை விவரம் அனுப்ப வேண்டும் வங்கிகள். நேற்று 15. இன்று காலையில் பார்த்தேன். மதியம் பார்த்தேன். செட்டில்டு.

செப்டம்பர் 17

செட்டில்டு.

செப்டம்பர் 20

வீடு விற்பவர் இனி காத்திருக்கமாட்டேன் என்றுவிட்டார். ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினோம். வாங்குபவர் என்ற இடத்தில் ஒரு பெயர். சாட்சிக்கு ஆள் குறைந்தது, நீங்க போடலாமே மேடம் என்றார்கள். போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் ஏறிப்போகும். இன்று நேராக இருந்தது.

செப்டம்பர் 26

அவருக்குக் கடன் வந்துவிட்டது. ஆறு நாளில்.

தம்பி பேசினான். லோன் வந்துருச்சாமே அக்கா என்றான். யாருக்கு என்று கேட்டேன்.

செப்டம்பர் 27

அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

அக்டோபர் 8

க்ளோஸ்டு. 681. பதின்மூன்று மார்க். கீழே 030, 061, 092 எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி.

நாளைக்குப் பத்திரப் பதிவு, பத்து மணிக்கு டோக்கன். அவருடைய ஆதார் நகல் இரண்டு, பான் நகல் இரண்டு, போட்டோ எல்லாம் எடுத்து அந்தப் பழுப்புக் கவரிலேயே போட்டு வைத்தாயிற்று. சாட்சிக்கும் நகல் வேண்டுமா என்று கேட்க மறந்துவிட்டேன்.