படகுக்குச் சாமான் ஏற்றுவது

திருகோணமலை உள் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் பாய்மரப் படகுக்காரருக்குச் சந்தையில் சாமான் வாங்கிக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. தாய்லாந்துப் பக்கமிருந்து வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவார்கள், இங்கிருந்து பலர் மாலைதீவு. அங்கே வடக்கில் உலிகமு மாதிரிச் சின்னத் தீவுகளில் மரக்கறி பெரிதாக விளையாது, கப்பல் வந்தால்தான் உண்டு, அதனால் இங்கேயே நிரப்பிக்கொண்டு போவதுதான் புத்தி.

குளிர்ப்பெட்டியில் இருந்த மரக்கறியை வாங்கவே கூடாது, வெளியே எடுத்தால் வியர்த்து அழுகிவிடும். "அண்ணை, தோட்டத்தால நேர வந்தது எது?" என்று கேட்டுத்தான் பச்சைத் தக்காளி, பூசணி, தேசிக்காய், கோவா எல்லாம் எடுப்பேன். கோவாவை வெட்டாமல் கடதாசியில் சுற்றி வைத்து, வேண்டும்போது வெளி இலையை மட்டும் உரித்து உரித்துச் சமைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் வேறு வேறு கூடையில். முட்டை கழுவாததாக இருக்க வேண்டும். சிலர் அதன் ஓட்டில் வாஸ்லின் களிம்பு பூசி, இடைக்கிடை புரட்டியும் வைக்கிறார்கள். வாழைக்குலை மட்டும் யாருக்கும் அடங்காது, பழுக்கத் தொடங்கினால் அத்தனையும் ஒன்றாகப் பழுக்கும்.

அப்புறம், அட்டைப்பெட்டியைப் படகில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மடிப்புக்குள் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும். ஜெட்டியிலேயே எல்லாவற்றையும் பிரித்து, டின்களின் தலையில் மார்க்கரால் பெயர் எழுதி, பெட்டியைக் கரையிலேயே விட்டுவிடுவோம். ஈரத்தில் லேபிள் உரிந்த டின்னுக்குள் பருப்பா மீனா என்று யார் கண்டார்?

பன்றி இறைச்சி டின் மாலைதீவுக்கு ஆகாது, அது தடை. கருவாடு கொண்டுபோங்களேன் என்றால் முக்கால்வாசிப் பேர் மூக்கைப் பொத்துகிறார்கள், அது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.