கொம்பனுக்கு அறிவு ஆறு

காசு வாங்கிக்கொண்டு ரோல்பிளேயிங் கேம் நடத்துவது என் வேலை. ஒரு மேஜை, நாலைந்து ஆட்டக்காரர்கள், பகடைகள், மூன்று மணி நேரம். கதை நடக்கும் உலகத்தை நான் சொல்வேன். தங்கள் பாத்திரம் அதில் என்ன செய்கிறது என்பதை அவர்கள் சொல்வார்கள். எட்டு வருடமாகச் செய்கிறேன்.

ஒரு நாள் புதிதாக ஒரு குழு வந்தது. பாத்திரங்களைப் பழைய பாணியில் உருவாக்கலாம் என்றார்கள். அதாவது ஆறு பக்கப் பகடை மூன்றை உருட்டி, விழுந்ததைக் கூட்டி, பாத்திரத்தின் ஒவ்வொரு திறனுக்கும் வரிசையாக அப்படியே எழுதிக்கொள்வது. ஒருவருக்குப் பலம் 17 விழுந்தது, இன்டெலிஜென்ஸ் 6. "மரமண்டைப் போர்வீரன்!" என்று குதித்தார். கொம்பன் என்று பெயரும் வைத்தார்.

ஆட்டம் தொடங்கியதும் வாயைக் கோணிக்கொண்டார். எச்சில் ஒழுகுவதுபோல உறிஞ்சினார். "கொம்பனுக்குப் பசி... கொம்பன் அடி..." மேஜையே சிரித்தது. நானும்தான். சிரித்ததோடு நிற்காமல் தீனியும் போட்டேன். சத்திரக்காரர் கொம்பனிடம் ஒரே கட்டணத்தை மூன்று தடவை வாங்குவதாக ஒரு காட்சியை அங்கேயே ஜோடித்தேன். அதற்கும் சிரிப்பு.

எதிரில் இருந்த பெண் முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாக ஆடியவர். அதற்குப் பிறகு "என் ஆள் பின்னால் நிற்கிறாள்" என்பதோடு சரி. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் பகடைகளைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, என் தம்பிக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கு. அவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். வெளியில கூட்டிட்டுப் போனா பசங்க இதைத்தான் செஞ்சு காட்டுவாங்க. இங்கயும் காசு கொடுத்து அதைப் பார்க்கணுமா?"

அதில் கோபம்கூட இல்லை. மேஜை நடுவில் எக்ஸ் அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். பிடிக்காதது ஏதாவது வந்தால் அதைத் தொட்டால் போதும், விளக்கம் கேட்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். அவர் அதைத் தொடவில்லை. நடத்துகிறவனே விழுந்து விழுந்து சிரிக்கும்போது யாருக்குத் தொட மனம் வரும்?

பழியை அந்த ஆட்டக்காரர் மேல் போட்டிருக்கலாம். ஆனால் சத்திரக்காரர் என் கைவேலை.

அன்று ராத்திரி விதிப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாங்கள் ஆடியது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு. அதில் யோசித்துச் செய்யும் காரியத்துக்குப் பகடை உருட்டும்போது, இன்டெலிஜென்ஸ் 6 என்றால் விழுந்ததில் 2 கழியும். இருபது பக்கப் பகடையில் 15 தேவைப்படும் இடத்தில் சராசரி ஆளுக்கு 30 சதவீதம் வாய்ப்பு, கொம்பனுக்கு 20. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று பகடை விழக்கூடிய 216 விதங்களில் 20 விதம் ஆறோ அதற்குக் கீழோதான். சுமாராகப் பதினோரு பேரில் ஒருவர். அந்த ஒருவர் நம்மோடு வேலை செய்கிறவராக இருக்கலாம், நமக்குச் சமைத்துப் போடுகிறவராக இருக்கலாம். கோணின வாய் அந்த எண்ணில் எங்கேயும் இல்லை. அதை நாங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்தோம்.

இன்னொன்றும் உறைத்தது. இந்த விளையாட்டில் இன்டெலிஜென்ஸ் என்பது நினைவாற்றல், தர்க்கம், கற்றுத் தெரிந்துகொண்டது. எதிராளியின் மனதைப் படிப்பதும் காட்டில் தடம் பார்ப்பதும் விஸ்டம் கணக்கில் வரும். பேசி இணங்கவைப்பது கரிஸ்மா. படிப்பறிவு, பட்டறிவு என்று நாமும்தான் பிரித்துச் சொல்கிறோம், மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடுகிறோம். 1981-இல் வந்த கால் ஆஃப் துலு விளையாட்டு அறிவையும் படிப்பையும் தனித்தனி எண்ணாகவே வைத்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ பாதி மனிதன், பாதி ஓர்க் என்ற முரட்டுக் கற்பனை இனமாகப் பிறந்தாலே இன்டெலிஜென்ஸில் 2 போச்சு. பிறப்பைப் பார்த்துக் கூட்டிக் கழிக்கும் அந்த வழக்கத்தை 2024 விதிப்புத்தகம் எடுத்துவிட்டது. அதற்குள் விளையாட்டுக்கு ஐம்பது வயதாகிவிட்டது.

அந்தப் பெண்ணிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார். கொம்பனை ஆடியவரைத் தனியாகச் சந்தித்துச் சொன்னேன். ஆடிப்போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அவனை எப்படித்தான் ஆடுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மனுஷர் புதிர் என்றால் நொடியில் அவிழ்த்துவிடுகிற ரகம்.

முதலில் குரலை விட்டோம்; இனிமேல் கொம்பன் அவருடைய சொந்தக் குரலில்தான் பேசுவான். நீளமான திட்டம் என்றால் மூன்றாவது படியில் அவனுக்கு நழுவிவிடும், அது அவனுக்கே தெரியும், அதற்கு அவன் ஏதாவது வழி வைத்திருப்பான் என்று முடிவு செய்தோம். ஆட்டக்காரருக்கு விடை தெரிந்துவிட்டால் மேஜைக்குக் குறுக்கே மந்திரவாதியை ஆடுகிறவருக்குச் சொல்லிவிடலாம். அது ஏமாற்று என்பார்கள் விதிப்பிரியர்கள். என்றுவிட்டுப் போகட்டும்.

அடுத்த வாரம் நிலவறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நெம்புகோல்கள், அவற்றை அசைக்கக் கொம்பனின் பலம் வேண்டும். மந்திரவாதி படபடவென்று சொன்னார்: "இடது, நடு, இடது, வலது, அப்புறம் நடு."

"இரு," என்றான் கொம்பன். "முதல் ரெண்டை மட்டும் சொல்லு. இழுத்துட்டு வந்து மிச்சத்தைக் கேட்டுக்கறேன்."

இழுத்தான், திரும்பி வந்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அடுத்த இரண்டு. நெஞ்சுக்கு வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. நான் எழுதிக்கொண்டு வந்த எந்தக் காட்சியிலும் அவ்வளவு பதற்றம் இருந்ததில்லை.

அதன்பின் எனக்கு இன்னொரு கிறுக்கு பிடித்தது. கொம்பனைச் சூதுவாது தெரியாத குழந்தையாக்கிவிட்டேன். அவன் சந்தேகப்பட்டவன் எல்லாம் துரோகி, அவன் நம்பியவன் எல்லாம் நல்லவன். அவன் திறன்களை எழுதிவைத்த ஷீட்டில் விஸ்டம் 9, அதாவது ஏறக்குறைய சராசரி, என்று இருப்பதை வசதியாக மறந்துவிட்டேன். இதையும் அந்தப் பெண்தான் பிடித்தார். "என் தம்பி நல்லாவே பொய் சொல்வான், அண்ணா. என் போனை ஒளிச்சு வெச்சுட்டு, தெரியவே தெரியாதுன்னு சாதிப்பான்," என்று சிரித்தார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த கொம்பனின் ஆட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்தில் கொம்பன் குழுவின் ஒரே குதிரையைச் சூதாட்டத்தில் தோற்றுவிட்டு, அதுவாகவே அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சாதித்தான். அந்தப் பெண்ணின் பாத்திரம்தான் கண்டுபிடித்தது. அரைமணி நேரம் நிற்கவைத்துத் திட்டியது. குதிரைக் கடனை அவன் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறான்.