சளியை மட்டும் குற்றம் சொன்னேன்

2024 ஏப்ரல் 8
பள்ளியிலிருந்து வந்த மகள் தொப்பியைக் கழற்றினாள். விளிம்பு முழுக்க வெள்ளைக் கோடு: வியர்வை காய்ந்த உப்பு. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது நெற்றியில் முத்தமிட்ட என் அம்மா, "என்னடா, பிள்ளை இப்படி உப்புக் கரிக்கிறாள்" என்றார். அந்த ஒரு வார்த்தையை மருத்துவரிடம் சொல்ல எங்களுக்கு 2 ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆஸ்துமா மருந்துதான். வியர்வைச் சோதனையில் குளோரைடு 104. அறுபதைத் தொட்டாலே சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்தான் என்பார்களாம்: சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் மரபு நோய்.

ஏப்ரல் 11
இன்று தப்பு என்னுடையது. தினமும் காலையில் முதலில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புட்டமால் இன்ஹேலர் 2 பஃப், கால் மணி நேரம் கழித்து நெபுலைசரில் உப்புநீர், கடைசியில் முதுகில் தட்டுவது. உப்புநீர் சளியை இளக்கும். மூச்சுக்குழாயைச் சுருக்கியும் விடும். அதனால்தான் இந்த வரிசை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பஃப்பை விட்டுவிட்டேன். மூன்றாவது நிமிடமே விசில் சத்தம். மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குழி உள்ளே போனது. பஃப் கொடுத்தபின் மெல்லத் தணிந்தது. மனைவி இன்ஹேலரை நெபுலைசரோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 16
மருத்துவரிடம் கேட்டேன்: "சளிதானே நோய், குழாய் ஏன் இறுகுகிறது சார்?" சீட்டின் பின்பக்கம் ஆங்கில 'சி' எழுத்தை வரைந்தார். மூச்சுக்குழலின் குருத்தெலும்பு அந்த வடிவம். திறந்த பின்பக்கத்தை மூடுவது மென்தசை. கிளைக் குழாய்களையும் அதே தசை சுற்றியிருக்கிறது.

இந்த நோயில் பழுதாகும் சிஎஃப்டிஆர் என்ற புரதம் சளிப்படலத்தின் செல்களில் மட்டும் இருப்பதில்லை, அந்தத் தசைச் செல்களுக்குள்ளும் இருக்கிறது என்றார். கால்சியம் பெருகினால் தசை சுருங்கும். அது செல்லுக்குள் உள்ள கிடங்குக்குத் திரும்பினால்தான் தளரும். புரதம் இல்லாதபோது அந்தத் திரும்புதல் மந்தமாகிறது, தசை எப்போதும் சற்று விறைப்பாகவே நிற்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிப் பிறக்கவைத்த பன்றிக்குட்டிகளிடம் பார்த்திருக்கிறார்கள். கிருமி தொற்றும் முன்பே, பிறந்த அன்றே, மூச்சுக்குழல் குறுகி, தசைக்கட்டுகள் கோணலாக இருந்தனவாம். இத்தனை வருடம் எல்லாப் பழியையும் சளிமேல் போட்டேன்.

ஏப்ரல் 17
ஜி551டி என்ற மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு அந்தப் புரதத்தை வேலை செய்யவைக்கும் ஐவாகாஃப்டர் மருந்தைக் கொடுத்தபோது, இரண்டே நாளில் குழாய்கள் தளர்ந்தனவாம். எங்கள் மகளுடையது எஃப்508டெல். அந்த ஒரு மருந்து போதாது. மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையின் விலையை விசாரித்துவிட்டு ஃபோனை வைத்தேன்.

பஃப்பும் எல்லோருக்கும் நல்லதில்லையாம். சுவர் சிதைந்து தொளதொளத்த குழாயைத் தாங்கி நிற்பதே தசையின் விறைப்புதான். அதைத் தளர்த்தினால் மூச்சு விடும்போது குழாய் மடிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் நேற்று மூச்சை அளக்கும் கருவியில் இரண்டு முறை ஊதச் சொன்னார்கள். பஃப்புக்கு முன் 1.21 லிட்டர், பின் 1.36. இவளுக்கு இன்னும் பலன் இருக்கிறது.

அலாரத்தை 5.40-க்கு மாற்றினேன். "கால் மணி நேரத் தூக்கம் போச்சா அப்பா?" என்கிறாள்.